மூன்று நாளை ஒன்றரை நாளில் முடிப்பவர்

எதற்கும் ‘ஒண்ணும் ஆகாது’ என்கிற ஒண்ணுமாகாதார் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று கவலைப்படாதீர்கள். மாடு வளர்க்கிற தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். நமக்கு ஒருவர் போதும்; அதற்கு மேல் தாங்காது.

மாட்டுக்கு மடி வீங்கினால் இவர் ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டிவருவார். ஊசி போட்டுவிட்டு, மருந்து பாலில் இறங்கும், மூன்று நாள் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று வைத்தியர் சொல்ல, இவரும் பயபக்தியாகத் தலையாட்டுவார். ஆனால் இவருடைய நாட்காட்டி தனி. ஊசி போட்ட பகல் ஒரு நாள், அன்றைய இரவு இன்னொரு நாள், மறுநாள் பொழுது சாய்ந்தால் மூன்றாவதும் தீர்ந்தது. அதோடு, மாடு எழுந்து நின்று யாரையாவது முட்டப் பார்த்தால் மருந்து உடம்பைவிட்டு ஓடிவிட்டதாம். மாட்டின் ஈரல் இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டா வேலை செய்கிறது?

பால் நிலையத்தில் சோதனை பார்ப்பவள் இவர் மனைவியின் தங்கை. தெருப்பால் முழுவதும் ஒரே தொட்டியில் கலக்கும். ஒரு கேனில் மருந்து மிச்சமிருந்தாலும் பால் ஆலையில் மொத்தத்தையும் சாக்கடையில் திறந்துவிடுவார்கள். போன மாதம் யாருடைய கேனாலோ அப்படி ஆகி, இன்னொரு தடவை நடந்தால் வேலையைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். இது தெரிந்தும், ஊசி போட்ட மறுநாள் சாயங்காலமே நம்மவர் வரிசையைத் தாண்டிக் கேனோடு உள்ளே போய், சொந்தத்துக்குள் சோதனை எதற்கு என்று சிரித்தார்.

அவள் சோதனைப் பட்டையைப் பாலில் நனைத்தாள். இரண்டு கோடு வந்தால் பால் சுத்தம். அந்தப் பத்து நிமிஷத்தில், அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, அவள் விழுந்தது, பழியைத் தான் ஏற்றது எல்லாவற்றையும் அவர் நினைவுபடுத்தி முடித்தார். ஒரு கோடு வந்தது. அடுத்தது லேசாக எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டது.

“லேசாத் தெரியுதேம்மா. அத்தனை பாலோட கலந்தா எங்க தெரியப்போவுது? ஒண்ணும் ஆகாது.”

“சரி மாமா. இன்னைக்கு உங்க பாப்பா எந்த மாட்டுப் பால் குடிச்சா?”

அவர் செருப்பைப் பார்த்தார். ஊசி போட்ட அன்றைக்கே, இந்த மாட்டுப் பால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னவர் அவரேதான்.

“அவளுக்கு ரெண்டு வயசுதானேம்மா,” என்றார், மெதுவாக.

“ஊருக்கெல்லாம் போற பால், மாமா. அங்கயும் ரெண்டு வயசு இருக்கும்.”

அவர் கேனைத் தூக்கிக்கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்தார். அவள் அடுத்த கேனுக்குப் பட்டையை எடுத்தாள்.

என்ன மனுஷர் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். கை ஓய்ந்ததும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்து, காய்ச்சல் விட்டதும் இரண்டாம் நாளே நீங்கள் நிறுத்திய மாத்திரை அட்டையோடு கிடக்கும். அதில் இரண்டைப் பிய்த்து, இருமிய பக்கத்து வீட்டுக்காரர் கையில் வைத்தீர்களே, அப்போது என்ன சொன்னீர்கள்?