பன்னிரண்டும் பாஸ்

திரையில் பதினோரு வரிகள் பச்சையாக வந்தன. பன்னிரண்டாவது மட்டும் சிவப்பு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. சிடி டிரைவ், ஃபெயில்.

"சிடியா? இதுல நான் சிடி போட்டே ஏழு வருஷம் ஆச்சே!" என்றாள் வாய்விட்டு.

லேப்டாப் டெஸ்ட் முடிந்த திருப்தியில் ஒரு பெருமூச்சு விட்டுக் காற்றாடியை நிறுத்திக்கொண்டது.

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே அடைத்துக்கொள்ளும் என்று வரைந்து வைப்பது வேலை. புருஷனும் ஒன்பது வயது மகளும் இருந்தது ஆறு மணி நேர ரயில் தூரத்தில். மாதம் இரண்டு தடவை போவாள். போய் இறங்கி, துணி துவைத்துப் போட்டு, அது காய்வதற்குள் திரும்ப ரயில் ஏறுவாள்.

இப்போது அந்த ஊர் வாரியத்திலேயே ஓர் இடம் காலியாகி, அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். கையில் இங்கிருந்து விடுவிப்பு ஆணை இருந்தால்தான் அங்கே நாற்காலி. அன்றைக்குப் புதன்கிழமை. ஸ்கேல், ரப்பர் ஸ்டாம்ப், அலமாரிச் சாவி எல்லாம் ஒப்படைத்தாகிவிட்டது. பாக்கி இந்த லேப்டாப் ஒன்றுதான்.

அதற்கு வயது ஒன்பது. தோளில் மாட்டினால் தோள் இறங்கும். விரலை இழுத்துக் காட்டினால் ஆளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. ஒரு நாளும் அவளை அடையாளம் கண்டதில்லை. விசைப்பலகையின் நடுவே, திரையில் அம்புக்குறியை நகர்த்தச் சிவப்பாக ஒரு ரப்பர் மொட்டு இருந்தது. பக்கவாட்டில் டெலிபோன் ஒயர் சொருகும் ஓட்டை, இணையத்தை அணைக்கும் தள்ளுப் பொத்தான், சங்கிலி போட்டு மேசையோடு கட்டிவைக்க ஒரு துளை. இத்தனையும் இருந்தது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

காலையில் ஸ்டோர் கீப்பர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு தாளை நீட்டியிருந்தார். "மெஷினுக்குள்ளேயே டெஸ்ட் இருக்கு. ஆன் பண்ணும்போது எஃப் பன்னெண்டை அமுக்குங்க. ரிசல்ட் பன்னெண்டு வரியையும் இதுல எழுதிக் கொண்டாங்க. தாள் சரியா இருந்தா அடுத்த நிமிஷம் ஆணை."

'ஒரு சிவப்புதானே, கேட்டுப் பார்க்கலாம்' என்று அவள் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பம்ப் பிரிவுக்காரர் ஒருவர் லேப்டாப்பும் தாளுமாக நின்றிருந்தார். ஸ்டோர் கீப்பர் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ரிசல்ட்டை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? படிச்சவர்தானே நீங்க? எடுத்துட்டுப் போங்க இதை!"

அந்த மனிதர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் தன் தாளைப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரியை இன்னும் எழுதவில்லை. அப்படியே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

வரைபடப் பிரிவில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எந்த வேலையைச் சொன்னாலும் "ரெண்டு நிமிஷம்" என்பார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல மனசு. கம்ப்யூட்டர் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"சிடி டிரைவா? பூ! ரெண்டு நிமிஷம்கா."

"தம்பி, கெட்டுப்போயிடாதே?"

"ஏற்கெனவே ஃபெயில்தானேக்கா. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

இதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்து இரண்டு நாள் கழித்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி டிரைவின் ஓரத்தில் இருந்த ஊசித்துளைக்குள் விட்டார். தட்டு 'சடக்'கென்று வெளியே பாய்ந்தது. உள்ளே ஒரு சிடி இருந்தது. 'கணினியைப் பத்திரமாகக் கையாளுவது எப்படி – ஊழியர் பயிற்சி' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

சிடி வந்தது. தட்டுதான் திரும்பப் போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். போயிற்று. கூடவே பிளாஸ்டிக் துண்டு ஒன்று மேசைமேல் உதிர்ந்தது.

"இது என்ன தம்பி?"

"இது சும்மா. டிசைனுக்கு வச்சிருப்பான்."

இன்னும் ஏதாவது உதிர்கிறதா என்று பார்க்க லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்பது வருஷத் தூசு உள்ளேயே இடம் மாறியது. டெஸ்ட்டை மறுபடி ஓட்டினார்கள்.

சிடி டிரைவ், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. காற்றாடி, ஃபெயில்.

ஒரு சிவப்பு இரண்டாயிற்று.

வியாழக்கிழமை காலை அவர் வீட்டிலிருந்து மனைவியின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தார். "உள்ள தூசு அடைச்சிருக்குக்கா. ஒரே ஊது. காற்றாடி பறக்கும்."

காற்றாடி பறக்கவில்லை. தூசு பறந்தது. எதிர் மேசைக்காரரின் டீயில் பாதியும் அவர் பல நாள் உழைத்து வரைந்த கிழக்குத் தெருக் குழாய்களின்மேல் பாதியுமாகப் படிந்தது. அதோடு விசைப்பலகையிலிருந்து ஒரு கட்டை எகிறிப் போயிற்று.

"எந்த எழுத்து போச்சு?"

"என்."

ஐந்து பேர் தரையில் தவழ்ந்து தேடினார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பிரிவுத் தலைவரின் காலடியில் 'கரக்' என்றது. "என்ன எல்லாரும் கீழே?" என்று கேட்டபடி அவர் செருப்பைத் தூக்கினார். 'என்' இரண்டு பாதியாகக் கிடந்தது.

விசைப்பலகை டெஸ்ட் பொல்லாதது. ஒவ்வொரு கட்டையாக அமுக்கச் சொல்லும். ஒன்று குறைந்தாலும் விடாது. மூன்றாவது சிவப்பு.

"தம்பி, போதும். நிறுத்திடுங்க."

"அக்கா, மூணுமே ஒரே காரணமாத்தான் இருக்கும். மெமரி. அதைக் கழட்டி அழிரப்பரால தேச்சு மாட்டினா புதுசாயிடும். ரெண்டு நிமிஷம்."

அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அடிப்பக்க மூடி கழன்று, மெமரி அட்டை அவர் கைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை விடையை அழிக்கிற மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்தார். மாட்டினார். ஆன் செய்தார்.

திரை இருட்டாகவே இருந்தது. பீப், பீப், பீப், பீப். சற்று இடைவெளி. மறுபடி நான்கு.

போனில் அந்த மாடலின் கையேட்டைத் தேடிப் படித்தார்கள். நான்கு பீப் என்றால் மெமரியில் கோளாறு என்று போட்டிருந்தது. அது எப்படி வந்தது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

பிரிவுத் தலைவர் மறுபடி எட்டிப் பார்த்தார். "உள்ளே ஏதாவது லாரி ரிவர்ஸ் எடுக்குதா?"

அவள் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சிக்கனம் பற்றித் தானே வரைந்து ஒட்டிய படம் எதிரே இருந்தது. குழாயை மூடிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, லேப்டாப் பாஸா?"

"இல்ல கண்ணு. நாலுல ஃபெயில்."

"நாலா! நான் கணக்குல ஒண்ணுல ஃபெயில் ஆனதுக்கே நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசலை."

"தப்புதான்டா."

 "அப்போ சனிக்கிழமை வரமாட்டியா?" என்றாள் மகள், வேறு குரலில்.

புருஷன் போனை வாங்கினான். "அலமாரியில ஒரு பக்கம் முழுக்கக் காலி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னான். "உன் புடவைக்கு."

"வந்துடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எப்படி வருவோம் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வருவதற்கு முன்பே 'ரெண்டு நிமிஷம்' வந்து உட்கார்ந்திருந்தார். முகம் செத்துக் கிடந்தது. மேசைமேல் அவருடைய லேப்டாப்.

"அக்கா, என்னோடதும் இதே மாடல்தான். இதுல என்னென்ன வேணுமோ எடுத்துக்கோங்க."

"உங்க வேலை என்ன ஆகறது தம்பி?"

"எனக்கென்னக்கா, புதுசு கேட்டு ரெண்டு நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "நான் கழட்டட்டுமா?"

"நீங்க எதையும் தொடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. அது போதும்."

அவர் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் ஒரு டிரேசிங் தாளை எடுத்து லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அளவு பிசகாமல் வரைந்தாள். இருபத்து மூன்று திருகுகள். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் படத்தில் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினாள். உள்ளே ஒயர்கள் ஓடிய விதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. எது எங்கே ஆரம்பித்து எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தானே பதினோரு வருஷத்தை ஓட்டினாள்? காற்றாடி மாறியது. விசைப்பலகை மாறியது. சிடி டிரைவும் மெமரியும் இடம் மாறின. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கடைசித் திருகை இறுக்கியபோது தாளில் ஓர் ஒட்டுநாடாகூட மிச்சமில்லை.

எஃப் பன்னெண்டு. இந்தத் தடவை அவள் சின்ன டெஸ்ட்டை விட்டுவிட்டு முழு டெஸ்ட்டைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றது. ஆகட்டும்.

காற்றாடி உறுமி அடங்கியது. திரை முழுக்கச் சிவப்பாகி, பச்சையாகி, நீலமாகி, வெள்ளையாயிற்று. "நிறம் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்டது. தெரிகிறது என்றாள். ஸ்பீக்கர் ஒரு மெட்டு வாசித்துவிட்டு, கேட்டதா என்றது. கேட்டது என்றாள். கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினாள். 'என்' வந்தபோது பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதுவும் பச்சை.

நாலு இருபதுக்குப் பன்னிரண்டாவது வரி வந்தது. பச்சை. மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை.

வரைபடப் பிரிவு கைதட்டியது. டீ வீணானவரும் தட்டினார். 'ரெண்டு நிமிஷம்' கட்டிய கையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிவுத் தலைவர் தாளில் கையெழுத்துப் போட்டபடி, "நீங்க போனா இந்தப் பிரிவு என்ன ஆகப்போகுதோ" என்றார்.

அவள் வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். 'பன்னிரண்டும் பாஸ். நாளைக்குக் காலை ஸ்டேஷனுக்கு வாங்க.' மகளிடமிருந்து உடனே இருபது ஆச்சரியக்குறிகள் வந்தன.

நாலு ஐம்பதுக்கு ஸ்டோருக்குள் நுழைந்தாள். பெட்டி கட்டும் அம்மாள் ஓரமாக உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல் போனில் இருந்தார். தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பேனாவை இறக்கிக்கொண்டே வந்தார். லேப்டாப்பைத் திறந்து திரையோடு ஒப்பிட்டார். அவர் புருவம் ஏறியது. பெரிய பதிவேட்டைப் பிரித்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அழியாத மையில் மெதுவாக எழுதினார்: 'முழுமையாக நல்ல நிலையில் உள்ளது.' கீழே தேதி போட்டு ஸ்டாம்பைக் குத்தினார்.

அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பதினோரு வருஷமும் தோளை விட்டு இறங்கியது போலிருந்தது.

"சார், என் ஆணை..."

அவர் பேச்சை நிறுத்தாமல் லேப்டாப்பை இரண்டு கையாலும் அவள் பக்கமே தள்ளிவிட்டார். தாளையும் அதன்மேல் வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனில் மூழ்கிவிட்டார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியில் தானே போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். "இதை எந்தப் பெட்டியிலம்மா வைக்கணும்? மணி அஞ்சாகப் போகுது, எனக்கு ஆணை வாங்கணும்."

பெட்டி கட்டும் அம்மாள் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எட்டித் தாளைப் பார்த்தாள்.

"அட என்ன மேடம் நீங்க, பன்னெண்டையும் பாஸ் பண்ண வச்சுட்டீங்களே! ஒரு வரியாவது ஃபெயில் ஆனாத்தான் மெஷினை நாங்க திருப்பி வாங்குவோம். எல்லாம் பாஸ்னா மெஷின் இன்னும் சர்வீஸ்ல இருக்குன்னு கணக்கு, மெஷின் சர்வீஸ்ல இருந்தா அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவங்களும் இங்கேயே சர்வீஸ்லதானே இருக்கணும்?"