நேற்றுப் பிடித்த தண்ணீர்

படித்த பெண் என்ற நினைப்பு தலைக்கேறினால் குழாய்த் தண்ணீரில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கலாம். நான் கண்டுபிடித்தேன், அதுவும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்.

எண்பதுகளின் கடைசியில், கல்லூரி இறுதியாண்டில், கிள்ளான் ஆற்றுச் சேறு எவ்வளவு நஞ்சு என்று பார்ப்பது என் ஆய்வு. ஒரு ஜாடியில் சேறு, இன்னொன்றில் கழுவிய மணல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பத்து குட்டி இறால்களை விட்டு, எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். (ஒப்பிடத்தான் மணல், அதில் ஒன்றும் சாகக் கூடாது.) எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையிலேயே வைத்தேன்.

மறுநாள் காலையில் மணல் ஜாடியில் பத்தும் செத்துக் கிடந்தன. சேற்றில் ஒன்பது ஜோராக நீந்தின. மணலை நானே மூன்று முறை கழுவினேன், ஆகவே தண்ணீர்தான் விஷம் என்று முடிவு கட்டினேன். சேற்றிலும் அதே தண்ணீர்தான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

அன்று மாலை கிள்ளான் நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். போட்டோ பார்த்த நாளிலிருந்தே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய அப்பா தண்ணீர் கேட்டார். "கொதிக்க வச்சது வேணாம்மா, குழாய்த் தண்ணியே போதும்."

அம்மா பிடித்துக் கொடுத்தார். கிளாஸ் மாப்பிள்ளையின் அப்பா வாயருகே போனது.

"அங்கிள், குடிக்காதீங்க! அதுல விஷம் இருக்கு!"

அம்மா பார்த்த பார்வையில் இன்னும் பத்து இறால் செத்திருக்கும்.

"அப்படியா? தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்லதான்மா எனக்கு வேலை. குளோரின் போடறதே நான்தான்."

பிடித்த இடத்தை வாயாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று நொந்துகொண்டே இறால்கள் செத்ததைச் சொன்னேன். அவரோ எழுந்துபோய் ஜாடிகளை முகர்ந்து பார்த்தார்.

"தண்ணிய புடிச்ச உடனே ஊத்துனியா?"

"ஆமா அங்கிள்."

"அதான் லா. குளோரின் நமக்கு ஒண்ணும் செய்யாது, இந்தச் சின்ன உசுருக்கு ஆகாது. ஒரு நாள் திறந்து வச்சா போயிடும்."

"அப்ப சேத்துல இருந்ததுங்க ஏன் சாகல?"

"சேறு குளோரினைத் தின்னுடும். அழுக்குதான் காப்பாத்தியிருக்கு."

கிளாஸைக் காலி செய்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "என் உசுரக் காப்பாத்தத்தானே கத்துச்சு? முடிச்சிடலாம்."

சேற்றைச் சந்தேகித்த நான், சுத்தம் என்று நம்பியதைச் சோதிக்கவே இல்லை. மனிதர்களிடமும் எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போன முதல் நாள், மேசையில் மூடாத ஒரு ஜக் இருந்தது. "நேத்தே புடிச்சு வச்சதும்மா, பயப்படாம குடி," என்றார் மாமா. வீடே சிரித்தது. தினமும் அதையே சொன்னார்.

மாமா இப்போது இல்லை. அந்த ஜக்கில் என் கணவர் தண்ணீர் பிடித்து வைக்கிறார். வந்தவர்களிடம் கதையையும் சொல்லிவிடுகிறார். ஒருநாளும் பிடிக்க மறந்ததில்லை.