பாலனை ஆற்றுக்குக் கொண்டுபோன நாள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பெற்றேன், ஐந்தை வளர்த்தெடுத்தேன். அந்த ஐந்து பேரில் ஒருவருடைய வீட்டிலும் கதிரைக்குக் கீழே தூசி கிடக்காது. அது என் வளர்ப்பு. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் இதை எழுதி முடிக்க ஒரு குளிர்காலம் பிடித்திருக்கிறது. பரவாயில்லை, இந்த ஊரில் குளிர்காலத்துக்கா பஞ்சம்?

எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். மகன் குமரன் சொல்லும்போது நான் ஆற்றுக்குள் விழுந்து எழும்புவேன். (விழவில்லை. ஒரு கை மட்டும்தான் நனைந்தது.) மருமகள் சொல்லும்போது பொலிஸ் வரும். (வரவில்லை.) போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வந்த விருந்தாளி ஒருவர், நான் ஐஸைச் சுத்தியலால் உடைத்தேன் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

நான் மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. குமரன்தான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டான். பியர்பொன்ட்ஸில் வீடு. அவனுடைய மனைவி ஜெசிந்தா, மகள் அனிதா, பிறகு நான். ஜெசிந்தா வேதக்காரப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். நாங்கள் சைவம். அந்தக் கலியாணத்தை நிறுத்த யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். தொலைபேசியில் பட்டினி தெரியவில்லை. கலியாணம் நடந்துவிட்டது.

பிள்ளை நல்ல பிள்ளை. அதில்தான் எனக்குச் சிக்கல். என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள். கோப்பை கழுவப் போனால், "மாமி, நீங்கள் இருங்கோ." வெங்காயம் உரிக்கப் போனால், "மாமி, நீங்கள் இருங்கோ." வந்த நாளிலிருந்து நான் இருந்துகொண்டே இருந்தேன். சோபாவில் என் இடம் குழி விழுந்துவிட்டது. விருந்தாளிக்குத்தானே வேலை கொடுக்கமாட்டார்கள்? அப்படியானால் நான் இந்த வீட்டில் யார்? எனக்கென்று ஒரு வேலை, அதைப் பார்த்து ஒரு சொல், 'மாமி செய்தது' என்று. அந்த நாட்களில் இதைத் தவிர வேறு ஒன்றையும் நான் கும்பிட்டுக் கேட்கவில்லை.

நத்தார் வந்தது, புதுவருடம் போனது. வரவேற்பறை சந்தை கலைந்த இடம் போலக் கிடந்தது. மரம், அதில் சுற்றிய லைட், கண்ணாடிப் பந்துகள், பரிசு சுற்றிய கடதாசிகள், யாரோ பாதி கடித்த கேக். மரத்துக்குக் கீழே பாலன் குடில்: மாதா, சூசையப்பர், இடையர், ஆடுகள், மூன்று ராசாக்கள், நடுவில் வைக்கோலில் பாலன் யேசு.

அன்று காலையில் ஜெசிந்தா காலில் சப்பாத்தைப் போட்டபடி சொன்னாள்:

"மாமி, பின்னேரம் அம்மா வருவா. இந்த நத்தார் சாமானெல்லாம் சனிக்கிழமை நான் எடுத்து வைக்கிறன். நீங்கள் தொடாதேங்கோ, இடுப்புப் பிடிச்சிடும்."

சின்னவள் அனிதாவைக் கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், விடவேண்டும் என்று ஓடிவிட்டாள். குமரன் முதலே போய்விட்டான். நானும் சாமான்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா வருவா என்றது என் சம்பந்தி திரேசம்மாவை. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூத்த மகளோடு இருக்கிறார். அவர் ஒரு வீட்டுக்கு வந்தால் யன்னல் விளிம்பில் ஒரு விரலை வைத்து இழுப்பார். பிறகு அந்த விரலைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அந்த விரல் இந்தச் சந்தைக்குள் வருகிறதா? அதுவும் பொங்கல் கிட்டி வருகிற நேரம், தை பிறக்கும் முன் வீடு துடைத்து வைக்கிற பழக்கத்தில் வளர்ந்தவள் நான் ஒருத்தி உள்ளே இருக்க!

சேலையைத் தூக்கிச் செருகினேன்.

லைட் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் கிணற்றுக் கயிறு சுற்றுவது போலச் சுற்றினேன். கண்ணாடிப் பந்துகளை முட்டைப் பெட்டிக்குள் அடுக்கினேன். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கடதாசிகளை நீவி என் மெத்தைக்குக் கீழே வைத்தேன். குடிலில் இருந்தவர்கள் ஒன்றோடு ஒன்று முட்டி உடைந்துவிடக் கூடாதே என்று குமரனுடைய காலுறைகளை எடுத்து, ஒரு காலுறைக்குள் ஒருவராக இறக்கினேன். (தோய்த்துக் காயவைத்த காலுறைதான்.) மூன்று ராசாக்களும் முடியோடு உள்ளே போய்விட்டார்கள். சூசையப்பருக்குத் தடித்த கம்பளிக் காலுறை கொடுத்தேன், வயதான மனிதர் என்று.

கடைசியில் பாலனைத் தூக்கினேன். தூக்கியதும் கை நின்றுவிட்டது. ஆசீர்வாதம் செய்ய நீட்டிய வலது கையில் இரண்டு விரல் இல்லை.

நான்தான் உடைத்துவிட்டேனோ என்று கார்ப்பெட்டில் தவழ்ந்து தேடினேன். விரல் கிடைக்கவில்லை. முறிந்த இடத்தைப் பார்த்தால் பழைய முறிவு. என் கையால் இல்லை என்று ஒரு நிம்மதி. அதன் பின்னாலேயே ஒரு பயம். பின்னமான சாமியை எங்கள் ஆட்கள் வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். அது பெரிய தோஷம். வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குத்தான் முதலில் வரும் என்று சொல்வார்கள். குப்பையிலும் போடக் கூடாது. மரியாதையாக ஆற்றிலோ குளத்திலோ விடவேண்டும். இந்தப் பிள்ளைகள் அவசர ஊரில் ஓடித் திரிகிறவர்கள், இதைக் கவனித்திருக்கமாட்டார்கள். நல்லவேளை, வீட்டில் ஒரு பெரிய ஆள் இருக்கிறேன். கடையில் புதுப் பாலன் ஒன்று வாங்கினால் போயிற்று.

இதை ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் "மாமி, நீங்கள் இருங்கோ" என்பாள் அல்லவா?

பாலனை மஞ்சள் துணியில் சுற்றினேன். கற்பூரமும் நெருப்புப் பெட்டியும் எடுத்தேன். சேலைக்கு மேலே குமரனுடைய பழைய ஜாக்கெட். அது எனக்கு முழங்கால் மட்டும் வந்தது. காலில் அவனுடைய பனிச் சப்பாத்து. ஆறு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். வெயில் காலத்தில் வந்து இறங்கியபோது குமரன் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

போய்ப் பார்த்தால் ஆற்றைக் காணவில்லை.

ஆறு இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வெளி. அதன் மேல் பெட்டிகளில் குந்திக்கொண்டு மனிதர்கள் இருந்தார்கள். தண்ணீர் கட்டியாகும் என்று தெரியும். ஓர் ஆறு முழுவதும் கட்டியாகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? திரும்பியிருக்கலாம். ஆனால் அவர்கள் ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விட்டிருப்பதைக் கண்டேன். ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் ஆளில்லை. கோப்பி ஊற்றத் தன் வாகனத்துக்குப் போயிருக்கவேண்டும். ஐஸில் கால் வைத்தேன். தாங்கியது. அங்கே போனால் அச்சாக ஒரு குட்டிக் கிணறு. எனக்காகவே வெட்டி வைத்தது போல.

முழங்காலிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினேன். "அப்பனே, நீ ஆற்றைப் பார்த்துப் போ, இந்தக் குடும்பத்தை நல்லபடி பார்த்துக்கொள்" என்று சொல்லிப் பாலனைத் தண்ணீரில் விட்டேன்.

போனார். உடனே திரும்பி வந்துவிட்டார்.

சுண்ணாம்பு என்று நான் நினைத்தது மரம்! மிதந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையில் விரலை வைத்து அமுக்கினேன். போய்விட்டுப் புளுக்கென்று வந்தார். "என்னப்பா, சொல்வழி கேளும்" என்று கொஞ்சம் ஏசி, பலமாக ஒரு தள்ளுத் தள்ளினேன்.

இந்த முறை வரவில்லை.

ஐஸுக்கு அடியில் போய்விட்டார். அந்த ஓட்டை கறுப்பாக இருந்தது. நான் செய்ய வந்ததைச் செய்துவிட்டேன், எழும்பிப் போகவேண்டியதுதானே? முடியவில்லை. கைக்குழந்தையாக ஒன்றை முன்னரே மண்ணுக்குக் கொடுத்தவள் நான். அன்றைக்கும் இப்படித்தான், பெரியவர்கள் சொன்ன முறையில் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு கை சும்மா கிடந்தது. என் கை என்னைக் கேட்காமல் ஓட்டைக்குள் போனது. ஜாக்கெட்டோடு, தோள் வரைக்கும். "வா ராசா, வா, வந்திடு" என்று கத்திக்கொண்டு துழாவினேன்.

பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். தாடியெல்லாம் ஐஸ் பிடித்த ஒரு கிழவர். ஆற்றின் மேல் நெருப்புக் கொளுத்திவிட்டு ஓட்டைக்குள் இறங்குகிற ஒரு மனிசியை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார். என்னைப் பிடித்து இழுத்தார். பிரெஞ்சில் ஏதோ கத்தினார். 'மதாம்' மட்டும் விளங்கியது. நான் கைகளைத் தொட்டில் போல ஆட்டி, ஓட்டையைக் காட்டினேன். மனிதருடைய முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. நிசக் குழந்தை என்று நினைத்துவிட்டார்!

ஐஸ் அள்ளுகிற கண் அகப்பையை விட்டு அவர் துழாவினார். என்னையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு துழாவினார். கடைசியில் அகப்பையில் பாலன் வந்தார்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டார், "பெத்தி ஜேசு" என்றார். 'ஜேசு' எனக்கும் தெரியும். தலையாட்டினேன். தன் கழுத்துச் சால்வையால் பாலனைத் துவட்டிச் சுற்றி என்னிடம் தந்தார். என் கை விறைத்து நீலமாவதைக் கண்டு வாகனத்தில் ஏற்றினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எங்கள் வீட்டு விலாசம் மட்டும்தான், குமரன் பாடமாக்கித் தந்தது. அதைச் சொன்னேன். நான் நடுங்குவதைப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு பெரிய மீனையும் என் மடியில் வைத்தார். மார்கழி மாதம் நான் மச்சம் தொடுவதில்லை. அதை எந்தப் பாஷையில் சொல்வது?

வீட்டு வாசலில் திரேசம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் கேக் டின், மூக்கு சிவந்து.

"எங்கை சம்மந்தி போனனீங்கள்? மணி அடிச்சு அடிச்சு என்ர விரல் விறைச்சுப் போச்சு! ஆர் இந்த வெள்ளைக்காரன்? கையில என்ன, மீனோ?"

"மீன்தான்."

"மற்றக் கையில?"

கிழவர்தான் பெருமையோடு சால்வையை விலக்கிக் காட்டினார்.

"யேசுவே! இது என்ர பாலன் அல்லோ! ஏன் ஈரமா இருக்கிறார்?"

எல்லாரும் உள்ளே போனோம். குடில் இருந்த மூலை துடைத்து வைத்த கோப்பை மாதிரிப் பளபளத்தது. திரேசம்மா அதையே பார்த்தார்.

"சம்மந்தி, இண்டைக்கு மூவிராசாக்கள் திருநாள். ராசாக்களைக் கும்பிடத்தான் நான் ரெண்டு பஸ் ஏறி வந்தனான். ராசாக்கள் எங்கை?"

"காலுறைக்குள்ளை."

மீன்காரர் நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வந்தாள். கதை முழுவதும் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. "மாமி, ஆத்திலயோ போட்டனீங்கள்? அம்மா ஊரை விட்டு வரேக்க உடுப்பைக்கூட எடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்த பாலன் மாமி. மற்றதெல்லாம்தான் இஞ்சை கடையில வாங்கினது."

எனக்குப் பூமி விலகியது. இனி இந்த வீட்டில் எனக்கு வேலையும் இல்லை, இடமும் இல்லை என்று நினைத்தேன். "பின்னமானதை வீட்டில வைக்கக்கூடாது பிள்ளை. அனிதாவுக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டு பயந்து..."

திரேசம்மா பாலனை வாங்கி அந்தக் கையைத் தடவினார்.

"இந்த விரலைத் திண்டது ஆர் தெரியுமோ சம்மந்தி? உங்கட மருமேள்தான்! பல்லு முளைக்கேக்க எடுத்துக் கடிச்சுப்போட்டாள். ஒரு துண்டு கிடைச்சது, மற்றது இவளின்ர வயித்துக்குள்ளை." பிறகு என்னைப் பார்த்தார். "பின்னமானதெண்டு பார்த்தால், எனக்கு ஒரு முழங்கால் இரும்பு. உங்களுக்கு வாயில இருக்கிறது கட்டின பல்லு. எங்கள் ரெண்டு பேரையும் எந்த ஆத்தில விடுறது?"

முதலில் சிரித்தது ஜெசிந்தாவா நானா என்று தெரியாது. திரேசம்மா விடவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தானடி ஏச்சு விழவேணும். ஆறு பெத்த மனுசியைச் சோபாவில இருத்தி வைச்சால், அந்த மனுசி ஆத்துக்குப் போகாமல் வேறை எங்கை போகும்?"

ராசாக்களைக் காலுறையிலிருந்து வெளியே எடுத்தோம். திரேசம்மா மீனைக் குழம்பாக்கினார். நான் சோறும் பருப்பும் தின்றேன். போகும்போது அவர் யன்னல் விளிம்பில் விரலை இழுத்தார், பார்த்தார். முதல் தடவையாக வாய் திறந்தார்: "துப்பரவுதான்."

அடுத்த வருடம் மரம் வைக்க லைட்டை எடுத்தபோது ஒரு சிக்கும் இல்லாமல் கழன்று வந்தது. "மாமி செய்தது" என்று ஜெசிந்தா குமரனிடம் சொன்னதை நான் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மூவிராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் நத்தார் சாமான் எடுத்து வைப்பது என் வேலை. வேறு ஒருவர் தொட்டால் எனக்குப் பிடிக்காது. பாலன் மட்டும் பெட்டிக்குள் போவதில்லை. வருடம் முழுவதும் என் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். பிள்ளையாருக்கும் ஒரு கொம்பு முறிந்ததுதானே. இத்தனை வருடம் கும்பிட்ட எனக்கு அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு பொருளைக் காணவில்லை என்றால், கார்ச் சாவியோ ரிமோட்டோ எதுவானாலும், இன்றைக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்பம்மா, ஆத்தில விட்டிட்டீங்களோ?"

அனிதா, இஞ்சை வா பிள்ளை. அந்தத் தொலைபேசியை வைச்சிட்டு இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பலத்து வாசி, வந்திருக்கிற திரேசம்மா அம்மம்மாவுக்கும் கேக்கட்டும். அங்கங்கை எழுத்துக்குக் கை கால் முறிஞ்சு கிடக்கும். அதுக்காகக் கொண்டுபோய் ஆத்தில விட்டிடாதை.