கடைசி நிமிஷத்து யுவஸ்ரீ

"கொட்டாவி சார்! யுவஸ்ரீ பந்தக் கையில வச்சுக்கினு, நல்லா வாயப் பொளந்து கொட்டாவி விட்டுட்டு, அப்புறம்தான் போட்டுச்சு. நீங்க பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன் மாதேஸ்வரி. அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

விஜயகுமார் உண்மையிலேயே யோசித்துக்கொண்டுதான் இருந்தான். சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கோர்த்துக் கொடுக்கும் கம்பெனியில் அவனுக்கு குவாலிட்டியில் வேலை. பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்கு கோச் என்பது அவனாகவே எடுத்துக்கொண்ட பதவி. காலேஜில் உயரம் போதாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன், அப்போது ஆடாத மேட்சுகளையெல்லாம் இப்போது இவர்களை வைத்து ஆடித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

ஓசூர் கம்பெனிகளுக்கு இடையிலான கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எந்த மேட்சை எடுத்தாலும் ஒரே கதை. முக்கால்வாசி நேரம் யுவஸ்ரீ சுமார்தான். ஓடச் சொன்னால் நடப்பாள், நடக்கச் சொன்னால் நிற்பாள். ஆனால் கடைசி நிமிடத்தில், மற்றவர்களுக்கெல்லாம் கை நடுங்கும்போது, பந்து எப்படியோ அவளிடம் வந்து சேரும். அவள் ஒரு கொட்டாவி விடுவாள். பந்து கூடைக்குள் விழும்.

"இதுக்குப் பேரு கிளட்ச்," என்றான் விஜயகுமார். "தலைக்கு மேல பிரஷர் இருக்கிறப்ப, கரெக்டா கடைசி நேரத்துல போடுறது. ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் வரும்."

"அப்ப மீதி நேரமெல்லாம் கம்முனு நிக்கறதுக்கு என்னா சார் பேரு?"

"அது எனர்ஜிய சேத்து வைக்கிறது."

"எங்க உத்தனப்பள்ளியில அதுக்கு சோம்பேறித்தனம்னு பேரு," என்றாள் மாதேஸ்வரி. கேப்டன் அவள்தான். மேட்ச் முழுக்க நாய் மாதிரி ஓடுகிறவளும் அவள்தான். கைதட்டல் மட்டும் யுவஸ்ரீக்கு.

காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டிய நிலைமையில் இருந்தான் விஜயகுமார். பிளான்ட் ஹெட் திருமலை அவனைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாகப் பின்பக்கம் இருக்கும் கோர்ட்டைக் காட்டியிருந்தார்.

"வண்டி நிறுத்த எடமில்லப்பா. கேட்டுக்கு வெளியில ரோட்டுல நிக்குது. கப்பு கொண்டு வந்தீங்கன்னா கோர்ட் இருக்கட்டும். இல்லைன்னா மஞ்ச பெயின்ட் அடிச்சு டூ வீலர் பார்க்கிங் ஆக்கிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பெனியில் அவனுக்கென்று இருந்தது அந்த சிமென்ட் தரையும் துருப்பிடித்த இரண்டு வளையங்களும்தான்.

குவாலிட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது நடந்தாலும் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். கிடைத்த காரணத்தை எல்லா உற்பத்தி லைனுக்கும் பரப்ப வேண்டும். விஜயகுமார் ஐந்து தடவையும் கேட்டான். யுவஸ்ரீயைத் தவிர எல்லாரிடமும் கேட்டான்.

"அதுகிட்டயே கேட்டுட்டா வேல முடிஞ்சுதே சார்?" என்றாள் மாதேஸ்வரி.

"ஓடுற மெஷின்ல கைய வைக்கக்கூடாது. தெரியுமில்ல?"

கேன்டீன் வெங்கடப்பனிடம் போனான். "மேட்சுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என்னா சாப்பிடுது?"

"தயிர் சாதம் சார். மறுபடியும் வாங்கும். அதுவும் தயிர் சாதம்தான்."

அரை இறுதி அன்று மொத்த அணிக்கும் தயிர் சாதம், தட்டு நிறைய, இரண்டு தடவை. சாப்பிட்ட பிறகு கொட்டாவிப் பயிற்சி. வரிசையாக நிற்க வைத்து, "கண்ண மூடு, மூச்ச இழு, வாயத் தொற," என்று சொல்லிக் கொடுத்தான். கேட் செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பொண்ணுங்களுக்கு யோகா கிளாஸ் போல என்று போய்விட்டார்.

மேட்சில் அதன் பலன் தெரிந்தது. பந்தை வாங்கிய மாதேஸ்வரி முறைப்படி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். திறந்தபோது கையில் பந்து இல்லை. அடுத்தவள் விட்ட கொட்டாவி இன்னொருத்திக்குத் தொற்றி, பெஞ்ச் வரைக்கும் போனது. எதிரணி கோச் நடுவரிடம் ஓடினார்.

"பாருங்க சார், நாங்க ஆடறதப் பாத்துத் தூக்கம் வருதாம்! வேணும்னே அவமானப்படுத்துறாங்க!"

நடுவர் விசில் ஊதி, யாரும் தடுக்காமல் கூடையில் போட எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். அதோடு அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். விஜயகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசி நிமிடத்தில் யுவஸ்ரீயிடம் பந்து வந்தது. அவள் கொட்டாவி விட்டாள். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது.

"இனிமே எனக்கு தயிர் சாதம் குடுத்தீங்கன்னா, டீம விட்டே போயிடுவேன்," என்றாள் மாதேஸ்வரி.

"சரி சரி. தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மத்தவங்கள மாத்தக்கூடாது. யுவஸ்ரீயப் பத்திரமா பாத்துக்கணும், அவ்ளோதான். ஃபைனல் வரைக்கும் அதுகிட்ட யாரும் பேசாதீங்க. மனசு கலையக்கூடாது."

யாரும் பேசவில்லை. இரண்டாம் நாளே யுவஸ்ரீ கேன்டீனில் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் என்னா பண்ணேன்? ஏன் எல்லாரும் மூஞ்சத் திருப்பிக்கிறீங்க?"

மாதேஸ்வரி வாயைத் திறந்தாள், விஜயகுமாரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். யுவஸ்ரீ சாமல்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண். பேச்சுத் துணைக்கு இருந்ததே இவர்கள்தான். அவளைச் சமாதானப்படுத்த விஜயகுமார் தயிர் சாதம் வாங்கிக் கொடுத்தான். அவள் தொடவில்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள் எச்.ஆர். பிரியதர்ஷினி அவனைக் கூப்பிட்டாள்.

"விஜய், ஒரு மெயில் வந்திருக்கு. நாளைக்கு ஜெயிக்கிற டீம் கோயம்புத்தூருக்குப் போகணும், ஸ்டேட் லெவல். ப்ராக்டிஸுக்கு இன்னும் ஒரு மாசம் ஆளுங்கள விடணுமாம். பொண்ணுங்ககிட்ட சொல்லிடவா?"

"ஐயோ மேடம், கெடுத்துடாதீங்க! ஏற்கனவே அந்தப் பொண்ணு நொந்துபோய் இருக்கு. ஸ்டேட் லெவல்னு சொன்னா பயத்துலயே காய்ச்சல் வந்துடும்."

"சந்தோஷப்பட மாட்டாங்களா?"

"உங்களுக்கு பாஸ்கெட்பால் தெரியாது மேடம்."

நேராக கோர்ட்டுக்குப் போய் எல்லாரையும் உட்கார வைத்தான். நல்ல கோச்சுகள் கடைசி நாளில் என்ன செய்வார்கள் என்று இரவு முழுக்க வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். பாரத்தை இறக்க வேண்டும்.

"இங்க பாருங்க. நாளைக்குத்தான் கடைசி மேட்ச். இதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, மறுநாளே எல்லாம் பழையபடிதான். அதனால ஃப்ரீயா ஆடுங்க."

யுவஸ்ரீ கையைத் தூக்கினாள். "மறுநாளேவா சார்?"

"மறுநாளே!"

"ஜெயிச்சாலுமா?"

"ஜெயிச்சாலும்மா! நீ எதையும் மனசுல வச்சுக்காத."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பாரம் இறங்கிவிட்டது என்று அவனுக்குப் பட்டது. பேச்சு இவ்வளவு நன்றாக வரும் என்று அவனே நினைக்கவில்லை.

ஃபைனலில் அன்று எல்லாமே சரியாக நடந்தது. மாதேஸ்வரி பேய் மாதிரி ஓடினாள். யாரும் கண்ணை மூடவில்லை. பிளான்ட் ஹெட் திருமலைகூட ஒரு தடவை எழுந்து கைதட்டினார். கடைசியில் ஒரே ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது, எதிரணிக்காரர்கள் யுவஸ்ரீயைத் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் கப்பு.

"முடிஞ்சுது," என்று விஜயகுமார் பக்கத்திலிருந்த பிரியதர்ஷினியிடம் சொன்னான். "இப்ப கொட்டாவி விடும் பாருங்க."

யுவஸ்ரீ கொட்டாவி விடவில்லை. பந்தைத் தரையில் தட்டினாள். பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிறவள் மாதிரி கூடையையே பார்த்தாள். முதல் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது வளையம் வரைக்கும்கூடப் போகவில்லை.

மஞ்சள் பெயின்ட் அடுத்த வாரமே வந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மேலேயே கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு போனார்கள். விஜயகுமார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வளையங்களைக் கழற்றும்போது மட்டும் திரும்பிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, அவனே தன் பைக்கை அங்கேதான் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

கோர்ட் போனதைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் அவனை உறுத்தியது. பிரஷர் தாங்காமல் உடைந்துவிட்டாள், உடைத்தது நான்தான் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் அவளைப் பிடித்தான். நீலக் கோட்டும் தலைத் தொப்பியுமாக, சிவந்த கண்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாதேஸ்வரி.

"யுவஸ்ரீ, தப்பு என்னோடதும்மா. உன்மேல அவ்ளோ பிரஷர ஏத்தியிருக்கக்கூடாது."

"பிரஷரா? எனக்கு ஒண்ணும் இல்லீங்களே சார்."

"கோர்ட் போயிடும்னு உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கும்."

"கோர்ட்டப் பத்தி நான் நெனைக்கவே இல்லீங்க சார்."

இருந்தாலும் அவன் விடவில்லை.

"நீ பயந்துடக்கூடாதுன்னுதான் கோயம்புத்தூர் விஷயத்தக்கூட மறைச்சேன்."

டீ கிளாஸ் பாதியில் நின்றது. "கோயம்புத்தூர்ல என்னா சார்?"

"ஜெயிச்சிருந்தா ஸ்டேட் லெவல் மேட்ச். இன்னும் ஒரு மாசம் ப்ராக்டிஸ்."

"ஒரு மாசமா?"

"போகட்டும் விடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா. மத்த மேட்சுல எல்லாம் கடைசி நிமிஷத்துல எப்படிப் போட்ட?"

யுவஸ்ரீ டீயைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"தோத்தா மறுநாளே நைட் ஷிப்ட் சார், ஜெயிச்சா ப்ராக்டிஸுக்குன்னு அடுத்த மேட்ச் வரைக்கும் பகல்ல ஜெனரல் ஷிப்ட், ராத்திரியில படுத்துத் தூங்கலாம்னு என் ஹாஸ்டல் கட்டில நெனச்சுக்கினேதான் சார் ஒவ்வொண்ணும் போட்டேன், நீங்களே வந்து ஜெயிச்சாலும் மறுநாள் பழையபடிதான்னு சொல்லிட்டீங்க, அப்புறம் அந்தப் பந்து எப்படி சார் உள்ள போகும், நீங்களே சொல்லுங்க?"