இலை திருடிய மச்சான்

மாப்பிள்ளையாகப் போனவன் ஊரில் யார்மீது வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், பெண்டாட்டியின் அண்ணனைத் தவிர. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அறுபதுகளின் நடுவில், கீரப்பாளையம் பக்கத்து ஏரி ஒன்றுக்கு நான் புது ஓவர்சீர். புது மாப்பிள்ளையும்கூட. மனைவியின் ஊர் அதுதான் என்பதால் மாமனார் வீட்டிலேயே ஜாகை. மழைக்கு முன்னால், ஏரிக்கரை வளைகளில் எத்தனையில் எலியும் பெருச்சாளியும் குடியிருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார் இன்ஜினீயர். வளை பெருகினால் வெள்ளத்தில் கரை நிற்காது.

வளை வாயைச் சேற்றால் அடைத்து, மறுநாள் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். எனக்குச் சேறு ஆகாது (வெள்ளைக் கால்சட்டை). அதனால் பூவரச இலைகளைச் சுருட்டிச் செருகினேன். உள்ளே எலி இருந்தால் இலையை வெளியே தள்ளிவிடும். என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மாலையில் செருகி, மறுநாள் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், ஓர் இலைகூட இல்லை. எலி தள்ளியிருந்தால் கீழே கிடக்க வேண்டாமா? மனிதக் கைதான் என்று முடிவுகட்டினேன். மச்சான் சின்னச் சின்ன மண்வேலை கான்ட்ராக்ட் எடுப்பவர். இலை இல்லாத வளையெல்லாம் எலி வளை என்று கணக்கானால் அவருக்கு வேலை ஜாஸ்தி. தினமும் விடிந்ததும் கரைப் பக்கம் வேறு போகிறார். (எதற்குப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.)

அவர் ஊற்றிய மோரைக்கூட முகர்ந்து பார்த்துக் குடித்தேன்.

“எங்கண்ணன் மூஞ்சப் பாத்தே பேச மாட்டேங்கிறீங்க, இன்னா ஆச்சு?” என்றாள் மனைவி.

“நேரம் வரும்” என்றேன்.

வந்தது. இன்ஜினீயர் ஜீப்பில் வந்திறங்கினார்.

“எல்லா வளையிலயும் எலின்னா, கரையே பொத்தல்தானய்யா” என்று இலையில்லாத வளைகளைப் பார்த்துக் கலங்கினார்.

நான் ஊரார் முன்னிலையில் மச்சானைக் காட்டினேன். “இலையை எடுத்தது இவர்தான் சார்.”

மச்சான் பாவம், தோள் துண்டை எடுத்து உதறிக் காட்டினார். “ஒங்க இலைய வச்சிக்கினு நான் இன்னா மாப்ள பண்ணப்போறேன்?”

அந்த நேரம் பார்த்து ஆடுகள் கரையேறின. முன்னால் வந்த வெள்ளாடு, இன்ஜினீயருக்குக் காட்டுவதற்காக நான் அப்போதுதான் செருகிய இலையை உருவி மென்றது. பிறகு அடுத்த வளைக்கு நகர்ந்தது. பூவரச இலை ஆட்டுக்கு விருந்து என்பது எனக்கு அதுவரை தெரியாது.

“யாரு ஆடு இது?” என்றார் இன்ஜினீயர்.

“ஓவர்சீரோடதுதாங்க” என்றார் மச்சான். “சீரா நாங்க குடுத்தது.”

அன்று முழுக்கச் சேறு குழைத்தேன். மச்சான் பொங்கல் வரை பேசவில்லை.

இப்போதும் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால், மச்சானின் பேரன்கள் பரிமாறுவதற்கு முன் என் காதருகே குனிந்து சொல்வார்கள்: “இலைய கெட்டியாப் புடிச்சிக்குங்க தாத்தா. எங்க தாத்தா பக்கத்துப் பந்தியிலதான் இருக்காரு.”