இரண்டு டொக்டர்களை ஒரே அறையில் இருத்திய நோ அக்கா

லண்டன் மாநகரத்தில் இரண்டு டொக்டர்களைத் தன் சொற்படி நடக்கவைத்த ஒரே நோயாளி நோ அக்காதான். சுகாதார மந்திரியே முயன்றாலும் முடியாத காரியம் அது.

அப்போது நான் தென் லண்டனில் 'மிச்சம்' என்ற பெயருள்ள பகுதியில் ஒரு சின்ன பார்மசியின் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா இரண்டு தெரு தள்ளி, வீட்டிலிருந்தபடியே சாரி பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அவருடைய சொந்தப் பெயர் மருந்துச்சீட்டில் மட்டும்தான் இருந்தது.

பட்டப்பெயர் வந்த கதை இது. வலியை யாழ்ப்பாணத்தில் 'நோ' என்போம். அக்காவின் குடும்ப டொக்டரோ கோயம்புத்தூர்க்காரர். முதல் சந்திப்பிலேயே அன்பாகத் தமிழில் விசாரித்திருக்கிறார்.

"வலி ஏதாவது இருக்காம்மா?"

"நோ, டொக்டர்."

"கை கால்ல?"

"நோ."

"முதுகுல?"

"அங்க பெரிய நோ."

வலி எங்கேயும் கிடையாது என்று கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, டொக்டர் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தார். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

உண்மையில் அக்காவுக்கு நோகாத இடம் இல்லை. தோளில் தொடங்கும், குதிக்காலில் போய் நிற்கும், மறுநாள் கழுத்துக்குத் திரும்பி வரும். இரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் நோர்மல். மற்றவர்கள் கேட்டுச் சந்தோஷப்படும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அக்காவின் முகம் தொங்கிவிடும். அவருடைய கணவர் மனப்பிரமை என்றார். கவுண்டருக்குப் பின்னால் நின்று நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மூட்டு நோய் நிபுணர் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அன்று பின்னேரம் அக்கா ஒரு டப்பா கேசரியோடு கடைக்கு வந்தார்.

"என்ன அக்கா விசேஷம்?"

"வருத்தத்துக்குப் பேர் வைச்சாச்சு, தம்பி. பைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் நோகுமாம், சோதனையில பிடிபடாதாம்."

"அது முழுசாச் சுகம் வாற வருத்தமோ?"

"இல்லையாம். ஆனா பொய்யில்லையாம்."

மனப்பிரமை என்று நினைத்திருந்த நான் அந்தக் கேசரியைக் குனிந்தபடியே சாப்பிட்டேன்.

குடும்ப டொக்டர் படுக்கைக்கு முன் போட ஒரு குளிசை, அவருடைய தமிழில் மாத்திரை, எழுதினார். அது பாதி நோவைக் குறைத்தது. மற்றப் பாதியை அக்கா சும்மா விடுவாரா? மோர்டனில் ஒரு சீன வைத்தியரைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா வாரம் ஒருமுறை உடம்பெல்லாம் மெல்லிய ஊசிகள் குத்தினார். வீட்டில் காய்ச்சிக் குடிக்க வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலமும் கொடுத்தார். அக்கா அதைக் காய்ச்சிய முதல் நாள் வீட்டுப் புகை அலாரம் அலறியது. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு போன் செய்தார். மூன்றாம் நாள் அக்காவின் கணவர் தன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்.

சிக்கல் என்னவென்றால், அக்கா சீன அம்மாவிடம் குளிசையைப் பற்றி மூச்சு விடவில்லை. டொக்டரிடம் கசாயத்தைப் பற்றியும் மூச்சு விடவில்லை. "சொன்னா ரெண்டு பேரும் கோவிப்பினம்" என்றார்.

ஒருநாள் காலை ட்ராமில் ஏறியவர் நித்திரையாகிவிட்டார். குரோய்டனுக்கும் விம்பிள்டனுக்குமாக மூன்று தரம் போய் வந்திருக்கிறார். நாலாம் தரம் யாரோ தட்டி எழுப்ப, இறங்கும்போது தலை சுற்றி மேடையில் விழுந்தார். நெற்றியில் பிளாஸ்டரோடு கடைக்கு வந்தவரைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது.

"அக்கா, குளிசையும் கசாயமும் ஒண்டோட ஒண்டு கொழுவிச் சண்டை பிடிக்குதோ தெரியாது. ரெண்டு பேருக்கும் சொல்லத்தான் வேணும்."

அக்கா நெற்றிப் பிளாஸ்டரைத் தடவிப் பார்த்தார். "தனித்தனியச் சொன்னாத் தனித்தனியப் பேச்சு வாங்கோணும். ரெண்டு பேரையும் ஒண்டா இருத்திறன். தம்பி, குளிசை லிஸ்டோட நீரும் வாரும்."

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேர் டொக்டரின் அறைக்குள் நுழைந்தோம். அக்கா, நான், கையில் பையோடு சீன அம்மா.

டொக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இவங்க யாரு?"

"சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு வாசல்ல எழுதியிருக்கு. இவ எனக்குத் தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்மா?"

"சீனா வரைக்கும்."

டொக்டருக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் சீன அம்மா பொட்டலத்தில் இருந்த ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிய தாளை மேசையில் வைத்தார். நான் என் லிஸ்டைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தலைகளும் தாள்மேல் குனிந்தன. கொஞ்ச நேரத்தில் ஒருவர் கேட்பதும் மற்றவர் எழுதுவதுமாகி, எங்களை மறந்தே போனார்கள். அக்கா மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"நோயாளி நான் இஞ்ச இருக்கிறன்."

முடிவு இப்படி: கசாயம் அன்றோடு நிறுத்தம், அந்தக் குளிசையோடு அது பாதுகாப்பென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி தொடரலாம். குளிசையை ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். சீன அம்மா முகம் சுளிக்காமல் தலையாட்டினார். டொக்டர் தன்னுடைய நேரடி போன் நம்பரை அவருக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு அதை அவர் கொடுத்ததே கிடையாது.

நோ முழுதாகப் போகவில்லை. ஆனால் நாலைந்து மாதத்தில் அக்கா தன் கையை உயர்த்தித் தானே தலை பின்னினார். நிறுத்தி வைத்திருந்த பிளவுஸ் ஓடர்களை மறுபடி எடுக்கத் தொடங்கினார். ஊசியா, குளிசையா, நடையா, எது கை கொடுத்தது என்று டொக்டர் ஒருமுறை கேட்டார்.

"உழுந்தும் மாவும் கரைச்சுத் தோசை சுட்ட பிறகு, இதில எது தோசை எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

டொக்டர் அதையும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டார் என்று கேள்வி.

போன வருடம் அக்கா மகளோடு இருக்க லண்டனின் மறுகோடியிலுள்ள வால்தம்ஸ்டோவுக்குப் போய்விட்டார். அவருடைய மருந்துச்சீட்டு இப்போது அங்கே ஏதோ ஒரு பார்மசிக்குப் போகிறது. அந்தக் கவுண்டரில் நிற்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஆள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.