ஐயர் வாயில் அக்கா குரல்

மஸ்கட்டில் ஏசி போட்டுக்கொண்டு சுகமாக இருக்கும் மச்சான் குப்புராஜ் அவர்களுக்கு, ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் சுகமில்லாமல் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்காரர் ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது. இங்கு நெல், மாடு, உங்கள் அக்கா கெங்கம்மாள் யாவும் நலம். உங்கள் நலமறிய ஆவலாகத்தான் இருந்தேன். நேற்றிலிருந்து அந்த ஆவல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். மைக் உள்ள எந்தப் பொருளிடமும் இனி வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

போன விசேஷத்து வீடியோவில் ஃபேன் சத்தம்தான் கேட்டது, ஒரு மனுஷக் குரலும் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டு, என் மகள் இளமதியின் நிச்சயதார்த்தத்துக்காக, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒயரில்லாத மைக் நாலு அனுப்பினீர்கள். கேமரா என்னவோ ஒன்றுதான். நாலு மைக்கின் சத்தத்தையும் ஒரு குட்டிப் பெட்டி வாங்கி ஒன்றாக்கிக் கேமராவுக்குக் கொடுத்துவிடும் என்று, கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த என் மகன் ஜெகன் விளக்கினான். ஐயருக்கு ஒன்று, சம்பந்தி வீரராகவனுக்கு ஒன்று, உங்கள் அக்காவுக்கு ஒன்று, இளமதிக்கு ஒன்று. பெண்ணைப் பெற்றவனுக்கு இல்லையாடா என்றேன். "நீ இன்னா நைனா பேசப்போற?" என்றான். கூடத்தில் இடம் போதாமல் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்காக வெளியே பெரிய டிவியும் ஸ்பீக்கரும் வைத்தோம். நாலு பேர் பேச்சும் கலந்து ஒரே படத்தின்மேல் வரும், படத்தில் யார் முகம் தெரிகிறதோ அவர்தான் பேசுகிறார் என்று ஜனம் நினைக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினார். ஜெகன் கேமராவை அவர் முகத்தில் வைத்தான். ஐயர் முணுமுணுப்பவர்; உங்கள் அக்கா குரல் உங்களுக்கே தெரியும். சமையற்கட்டில் அவள் யாரிடமோ சொன்னது, பந்தலில் ஐயர் வாயிலிருந்து வந்தது: "மாப்ள தங்கம். அவங்க நைனாதான் பேஜாரு. வடைய எப்டி துன்றாரு பாத்தியா? போறப்ப தட்டையும் துன்னுட்டுப் போவாரு போல." வெளியே ஒரே சிரிப்பு. நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று நினைத்து உள்ளே நானும் சிரித்தேன். அடுத்து கேமரா சம்பந்தி பக்கம் திரும்பியது. உள்ளறையில் இளமதி தோழியிடம் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பந்தலில் சம்பந்தி அந்த மீசையோடு ஐயரைப் பார்த்தபடி, "இவரப் பாத்தாலே எனக்கு வெக்கம் வெக்கமா வருதுடி" என்றார். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை சந்திரமோகன் அப்போது பந்தலில்தான் போன் பேசிக்கொண்டிருந்தாராம். போனைக் கீழே போட்டுவிட்டார்.

இத்தோடு போயிருக்கலாம். சம்பந்தி கைகழுவப் பின்பக்கம் போனவர், தன் தம்பியிடம் ரகசியமாக ஒரு வார்த்தை சொன்னார். அந்த நேரம் படத்தில் தாம்பூலத் தட்டோடு உங்கள் அக்கா. அவள் ஆண் குரலில், "பொண்ணு ஓகேப்பா. இந்த ஆதிநாராயணன்தான் சுத்த வெத்துவேட்டு, அந்தம்மா கண்ண உருட்னா உக்காந்துக்கினு கீறாரு" என்றாள். பந்தலிலிருந்த என் பங்காளிகள் ஓடிவந்து, உன் பெண்டாட்டி ஆண் குரலில் ஊரறிய உன்னைத் திட்டுகிறாள் என்றார்கள். அவள் திட்டுவது புதிதல்ல, குரல் எப்போது மாறியது என்றுதான் எனக்குக் குழப்பம். அதற்குள் சம்பந்தியம்மா வேகமாக உள்ளே வந்து ஐயர் எதிரில் நின்றாள்.

"ஏன் சாமி, எங்க ஊட்டுக்காரரு வடை துன்னா உனக்கு இன்னா எரியுது?"

"நான் முகூர்த்தம்தானேம்மா வாசிச்சேன்!"

"உன் வாயால சொன்னத டிவில பாத்தேன். பொய் வேற சொல்றியா?"

ஐயர் பஞ்சாங்கத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மைக்கோடு. தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரனிடம் அவர், "செத்த நகந்து உக்காருப்பா" என்றது இங்கே, கூடத்துக்கு வந்துவிட்ட இளமதி முகத்தின்மேல் கேட்டது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தியின் தம்பி. தன் புருஷனைத்தான் மரியாதையில்லாமல் நகரச் சொல்கிறாள் என்று பந்தலில் பார்த்த அவர் பெண்டாட்டி கத்த, சம்பந்தி மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தங்கள் ஊர் செவ்வாப்பேட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டது மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

இளமதி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். "அவரு ஒரு போன்கூட பண்ல நைனா" என்று மட்டும் சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைக் கேட்டபின் எனக்கும் சோறு இறங்கவில்லை மச்சான். ஆகவே கல்யாணம் நின்றது. டிக்கெட் போட வேண்டாம். மிச்சமுள்ள மூன்று மைக்கையும் திருப்பி அனுப்புகிறேன். கோபத்திலும் சொல்கிறேன், நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ஆதிநாராயணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தி போன் செய்தார். மாப்பிள்ளை நேற்றிலிருந்து, இந்தப் பெண் இல்லையென்றால் துறைமுகத்தை விட்டு வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறாராம். "அந்த வீடியோவ யாருக்கும் காட்டாதீங்க சம்பந்தி" என்றார். ஜெகனைக் கேட்டேன். டிவிக்குப் போனதே தவிர, ரெக்கார்டு பட்டனை அவன் அமுக்கவே இல்லையாம். அதைச் சொன்னதும் சம்பந்தி பெருமூச்சு விட்டு, "ரெக்கார்டே இல்லன்னா ஒண்ணுமே நடக்கலன்னுதான அர்த்தம்? ஞாயித்துக்கெழம வந்து நிச்சயம் பண்ணிக்கிறோம்" என்றார். ஆகவே மச்சான், மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. உடனே டிக்கெட் போடவும். நடக்காததைப் பற்றி அக்காவிடம் விசாரிக்க வேண்டாம்.